உடைக்கும் முன் திறந்து பாருங்கள்: சுவருக்குள் ஒழுகும் ஃப்ளஷ் தொட்டி

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மேசையின் மேல் என்னவோ வெள்ளைப் பெட்டி வைத்திருக்கிறார்களே, ஜகாத் உண்டியலோ என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். இல்லை. இது கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டி. சுவருக்குள் பதித்து, மேலே டைல்ஸ் ஒட்டி, வெளியே இரண்டு பொத்தான்கள் மட்டும் தெரியும்படி வைக்கிறார்களே, அந்த கன்சீல்டு டேங்க். இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். ஃபிக்ஹு கிதாபைத் திறந்தால் முதல் பாடமே தண்ணீரும் சுத்தமும்தான். அதை ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்மார்கள் யாரும் வெட்கப்படவில்லை.

இந்தத் தொட்டி எங்கள் கைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். அது எங்கள் தவறின் கதை. சந்தா கொடுக்கிற உங்களுக்கு அதைச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

நமது மருந்தகத்துக்கு மேலே, ஆதரவற்ற குடும்பங்களுக்காக ஆறு வீடுகள் கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். சபுரில் இருக்கும் ஒரு சகோதரர் குளியலறைச் சாமான்கள் முழுவதையும் தன் செலவில் வாங்கித் தந்தார். சுவரில் தொங்கும் கோப்பை, சுவருக்குள் தொட்டி. அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுப்பானாக. பார்க்க அழகாக இருந்தது. கூட்டிக் கழுவவும் சுலபம். ஏழெட்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் போனது. ஆறு வீட்டுக்கும் சேர்த்து 2,000 லிட்டர் சின்டெக்ஸ். இரவு இஷாவுக்குப் பிறகு மோட்டார் போட்டு நிரப்பினால் ஃபஜ்ருக்கு எழும்போது பாதிகூட இருக்காது. நமதூரில் போர்த் தண்ணீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைப்பதுதான் நல்ல தண்ணீர். மற்றதற்கெல்லாம் டிராக்டரில் வரும் டேங்கர், ஒரு நடைக்கு 5,000 லிட்டர். மாதம் மூன்று நடை வந்துகொண்டிருந்தது நாலு நடையாயிற்று.

குடியிருப்பவர்களைக் கேட்டோம். ஆளுக்கு ஆள் விரலை நீட்டினார்கள். அதிகமான விரல்கள் மேல்மாடிக் கடைசி வீட்டைக் காட்டின. அங்கே இருப்பது கணவரை இழந்த ஒரு சகோதரி. ஊர்க்காரர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். இத்தாவின் நாலு மாதம் பத்து நாள் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விசாரிக்காமல், ஒரு தடவைகூட அந்தக் குளியலறையைப் போய்ப் பார்க்காமல், "தண்ணியைப் பார்த்துச் செலவு பண்ணச் சொல்லுங்க" என்று எங்கள் கமிட்டியிலிருந்து அவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. நாங்கள் அந்த மௌனத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டோம்.

அடுத்த மாதமும் டேங்கர் குறையவில்லை. அப்போதுதான் பிளம்பரை அழைத்துப் போனோம். அவர் குளியலறையில் காதை வைத்துக் கேட்டார். சுவருக்குள் மெல்லிய சத்தம். "டேங்க் கிராக் ஆயிடுச்சு, சுவத்த உடைச்சுத்தான் மாத்தணும்" என்றார். எங்களில் யாருக்கும் மறுகேள்வி கேட்கத் தெரியவில்லை. டைல்ஸ் உடைந்தது, தொட்டி வெளியே வந்தது, புதுத் தொட்டி உள்ளே போனது. அதே டைல்ஸ் கடையில் கிடைக்காமல் வேறு நிறம் ஒட்டினோம். மூன்று நாள் அந்தத் தாயும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித்தான் கழிப்பறைக்குப் போனார்கள். செலவு 14,600 ரூபாய். ஒழுக்கு நின்றது. நாங்களும் நல்ல காரியம் செய்த திருப்தியில் இருந்தோம்.

நாலு மாதம் கழித்துக் கீழ்வீட்டில் அதே சத்தம். இந்தத் தடவை துபாயில் கட்டிடப் பராமரிப்பு வேலை பார்த்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தம்பி, தொழுதுவிட்டு வரும் வழியில் நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு உள்ளே வந்தார். "சுவத்துல கை வைக்காதீங்க காக்கா" என்று சொல்லிவிட்டு, பொத்தான் இருக்கும் அந்தப் பிளேட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளிக் கழற்றி எடுத்தார். பின்னால் ஒரு சன்னல். அதற்குள் தொட்டி. அவ்வளவுதான். அதற்கு வாசல் இருக்கிறது என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. ஒழுகியது அடியில் இருக்கும் ரப்பர் வளையம். மதுரையிலிருந்து வரவழைத்தோம், விலை 180 ரூபாய்.

அன்று மாலையே ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய தொட்டியை எடுத்து முற்றத்தில் வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். எங்கேயும் கிராக் இல்லை. இதன் அடியிலும் அந்த ரப்பர் வளையம்தான் சுண்ணாம்பு படிந்து ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. இதோ, வளையம் இங்கே இருக்கிறது. கைமாற்றிப் பாருங்கள்.

அந்தச் சகோதரியிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அப்போது அவர் சொன்னது இது: "இத்தாவுல இருக்கும்போதே ராத்திரி சத்தம் கேட்டுது காக்கா. ஆம்பளை ஆள உள்ள விடக் கூச்சமா இருந்துச்சு. அப்புறம் சொல்லலாம்னா, வந்து உடைச்சுப்போட்டு என் தலையில செலவைக் கட்டி வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவீங்களோன்னு பயம். ராவுல எழும்பி வாளியில தண்ணி புடிச்சு ஊத்திக்கிட்டு, அந்தப் பொத்தானைத் தொடாமலே இருந்து பார்த்தேன். அப்பவும் சத்தம் நிக்கல." அவசியமான வேலைக்கு ஆள் வருவதை மார்க்கம் தடுக்கவில்லை என்று நாம் மசாயில் சொல்லலாம். தனியாக இருக்கும் பெண்ணின் கூச்சமும் வாடகை வீட்டுக்காரியின் பயமும் மசாயில் சொன்னால் போய்விடாது. அவர் வீண்விரயம் செய்ததாகக் குறிப்பேட்டில் எழுதியிருந்த வரியை அடித்து, தவறு எங்களுடையது என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம். அமானத்துப் பணத்தில் அநியாயமாகப் போன 14,420 ரூபாயை கமிட்டி உறுப்பினர்கள் ஏழு பேரும் சொந்தக் கையிலிருந்து கட்டிவிட்டோம். அந்த பிளம்பரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். தெரியாமல் தலையாட்டியவர்கள் நாங்கள்.

சரி, தொட்டிக்கு வருவோம்.

இதற்குள் இரண்டே இரண்டு உறுப்புகள்தான் முக்கியம். ஒன்று, தண்ணீரை உள்ளே விடுகிற இன்லெட் வால்வு. அதில் ஒரு மிதவை உண்டு. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறி வழியை அடைக்கும். (இந்த மிதவை வித்தையை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் தங்கள் கிதாபுல் ஹியலில் எழுதி வைத்தார்கள். மேடைதோறும் இதைப் பெருமையாகச் சொல்லுவோம். நம் வீட்டு மிதவை எங்கே இருக்கிறது என்று மட்டும் நமக்குத் தெரியாது.) இரண்டாவது, நடுவில் உயரமாக நிற்கிறதே, இதுதான் ஃப்ளஷ் வால்வு. பொத்தானை அமுக்கினால் இது மேலே எழும்பும், தண்ணீர் கோப்பைக்குள் இறங்கும், பிறகு இது தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இதன் அடியில் ரப்பர் வளையம். மேலே நிற்கும் தண்ணீரின் கனமே இதை அழுத்தி மூடிவைக்கிறது. வளையத்துக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு மணல், ஒரு சுண்ணாம்புத் துணுக்கு சிக்கினால் போதும், இரவும் பகலும் ஒழுகும். வெளியே ஈரம் தெரியாது. நேராகக் கோப்பைக்குள் போய் சாக்கடையில் சேர்ந்துவிடும். குழாய் சொட்டினால் கண்ணில் படும், இது படாது. இதனால்தான் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறோம்.

எவ்வளவு போகும் என்று கேட்பீர்கள். கீழ்வீட்டில் அளந்து பார்த்தோம். இன்லெட்டை அடைத்துவிட்டு, தொட்டியின் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, யாரும் பொத்தானைத் தொடாமல் ஒரு மணி நேரம் விட்டோம். மறுபடி கோட்டுக்குக் கொண்டுவர 6 லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. நாளுக்கு 144 லிட்டர். மட்டம் இறங்க இறங்க ஒழுக்கும் மெதுவாகும், ஆகவே உண்மைக் கணக்கு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசாங்கத் திட்டங்களில் கணக்கு வைக்கிறார்கள். அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் குடியிருந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 4,320 லிட்டர், ஏறக்குறைய ஒரு டேங்கர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸ்களில் ஓதியிருக்கிறோம். முத்து என்பது இரு கை சேர்த்து அள்ளுகிற அளவு. அதைத் தாராளமாக ஒரு லிட்டர் என்றே வைத்தாலும், 144 பேர் ஒளுச் செய்யும் தண்ணீர் தினமும் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். இரவு எல்லோரும் படுத்த பிறகு, கோப்பையின் பின்பக்க உட்சுவரைத் துணியால் துடைத்துக் காயவைத்து, ஒரு காய்ந்த டிஷ்யூ காகிதத்தை அங்கே ஒட்டிவிடுங்கள். கால் மணி நேரத்தில் நனைந்து கிழிந்தால் ஒழுகுகிறது. இன்னும் உறுதி வேண்டுமானால் பிளேட்டைக் கழற்றி, பிரியாணிக்குப் போடும் கேசரிக் கலரில் ஒரு சிட்டிகை தொட்டிக்குள் கலந்து அரை மணி நேரம் பொறுங்கள். கோப்பையில் மஞ்சள் இறங்கினால் தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். கோப்பைக்குள் தண்ணீர் ஓடினால் உடனே ஃப்ளஷ் வால்வு என்று முடிவு கட்டக்கூடாது. இன்லெட் வால்வு சரியாக மூடாவிட்டால் தொட்டி நிரம்பி, நடுக்குழாயின் மேல்வாய் வழியாக வழிந்து, அதுவும் கோப்பைக்குள்தான் விழும். நாங்கள் சொன்ன பென்சில் கோடுதான் இதற்கு நீதிபதி. இன்லெட்டை அடைத்த பிறகும் மட்டம் இறங்கினால் குற்றவாளி ஃப்ளஷ் வால்வு. மட்டம் அப்படியே நின்றால் இன்லெட். தவறான ஆளைப் பிடித்துத் தண்டித்த அனுபவம் எங்களுக்கு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

இனி கழற்றும் வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் படம்தான் உஸ்தாத். முதலில் கோப்பையின் மேல் ஒரு பழைய துண்டை விரித்துவிடுங்கள். திருகாணி ஒன்று உள்ளே விழுந்தால் அதை எடுப்பது தனி வேலை.

பிளேட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் மேலே தள்ளி, அடிப்பாகத்தை முன்னால் இழுத்தால் வந்துவிடும். சிலவற்றில் அடியில் சின்னத் திருகாணி ஒன்று மறைந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். டைல்ஸ் விளிம்பு பெயரும், பிளேட்டும் கீறும். பிளேட் வந்தால் பின்னால் ஒரு சட்டம், அதைப் பிடிக்கும் இரண்டு திருகாணி, பொத்தானிலிருந்து உள்ளே தள்ளும் இரண்டு பிளாஸ்டிக் குச்சிகள் இருக்கும். ஒன்று பெரிய ஃப்ளஷுக்கு, ஒன்று சின்ன ஃப்ளஷுக்கு. எது எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று பார்த்து வையுங்கள். இந்தக் குச்சியைப் பற்றிப் பிறகு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கடுத்து தண்ணீர் தெறிக்காமல் இருக்க ஒரு தட்டு. அதையும் எடுத்தால் தொட்டி.

இங்கே பல பேர் கையை இழுத்துக்கொள்கிறார்கள். கக்கூஸ் தொட்டிக்குள் கை விடுவதா, நஜீஸாயிற்றே என்று. இல்லை. இது உங்கள் மாடித் தொட்டியிலிருந்து வருகிற அதே தண்ணீர், இன்னும் கோப்பையைத் தொடவில்லை. பாசியோ துருவோ இருக்கும், அவ்வளவுதான். தாராளமாகக் கை விடுங்கள்.

உள்ளே ஒரு மூலையில் சின்ன ஆங்கிள் வால்வு இருக்கும். அதை மூடுங்கள். பல வருடம் தொடாததால் இறுகியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருக வேண்டாம், சுவருக்குள் அது உடைந்தால் அப்போது நிஜமாகவே டைல்ஸ் உடைக்க வேண்டி வரும். அசையவில்லை என்றால் மாடியில் அந்த லைனை அடைத்துவிட்டு வேலை பாருங்கள். பிறகு தொட்டியைக் காலி செய்யுங்கள். பொத்தானைத் தூக்கும் நெம்புகோல் சட்டம் கிளிப்பில்தான் நிற்கும். இரண்டு பக்கமும் அமுக்கினால் வெளியே வரும். இன்லெட் வால்வையும் அதன் கிளிப்பிலிருந்து விடுவித்து ஓரமாக ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலான மாடல்களில் அதன் ஹோஸைக் கழற்ற வேண்டியதில்லை.

இப்போது ஃப்ளஷ் வால்வு. இதை அடியில் ஒரு கிளிப் பிடித்திருக்கும், அல்லது கால் வட்டம் திருப்பினால் விடும்படி இருக்கும். விட்டதும் நேராக மேலே தூக்குங்கள். வால்வு உயரம், சன்னல் சிறிது. எப்படி வெளியே வரும் என்று திகைக்க வேண்டாம். பலவற்றில் மேல்பாகம் தனியாகக் கழன்றுவிடும். மீதியைச் சாய்த்து எடுக்கலாம். உள்ளே போனது அந்த வழியாகத்தான், வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். இந்தத் தொட்டியில் நாங்கள் முதல் தடவை முயன்றபோது முக்கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது ஐந்து நிமிடம்.

எடுத்ததும் புதிதை மாட்ட அவசரப்படாதீர்கள். கையை உள்ளே விட்டு, வளையம் உட்கார்ந்திருந்த வட்டத்தை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். நமதூர்த் தண்ணீருக்கு அங்கே சுண்ணாம்பு சொரசொரவென்று இருக்கும். அதை விட்டுவிட்டுப் புது வளையம் போட்டால் மறுவாரமே ஒழுகும். துணியில் வினிகர் நனைத்து அங்கே பத்து நிமிடம் வைத்துத் துடைத்தால் போய்விடும். பிளேடு, உப்புத்தாள் வேண்டாம். அது பிளாஸ்டிக், கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியே ஒழுகும். ஆசிட் வேண்டவே வேண்டாம். கோப்பை வாசமாக இருக்கட்டும் என்று தொட்டிக்குள் பிளீச்சிங் மாத்திரை போடும் வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. அது ரப்பரைத் தின்றுவிடும், நிறுத்திவிடுங்கள்.

வால்வின் உடம்பு நன்றாக இருந்து வளையம் மட்டும் கெட்டிருந்தால் வளையத்தை மட்டும் மாற்றுங்கள். உடம்பு வெடித்திருந்தாலோ, கிளிப் உடைந்திருந்தாலோ, உள் பாகம் ஏறி இறங்காமல் சிக்கினாலோ முழு வால்வும் மாற்ற வேண்டும். கடையில் கேட்கும்போது கவனம். வெறுமனே "ஃப்ளஷ் வால்வு" என்று கேட்டால், தொட்டியே இல்லாமல் மாடிக் குழாயோடு நேராகச் சேர்க்கும் பித்தளை வால்வை எடுத்துக் காட்டுவார்கள். அதற்கும் அதே பெயர்தான். "கன்சீல்டு டேங்குக்குள்ள இருக்கிற வால்வு" என்று சொல்லி, பழையதைக் கையோடு கொண்டுபோய், தொட்டியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரையும் எண்ணையும் படமெடுத்துக் காட்டுங்கள். ஒரு கம்பெனியின் வால்வு இன்னொன்றின் தொட்டியில் உட்காராது. ஒரே கம்பெனியிலேயே பழைய மாடலும் புதிய மாடலும் மாறும்.

புதிய வால்வில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று வைக்க ஒரு சின்னத் தாழ் இருக்கும். பெரியது 6 லிட்டர், சின்னது 3 லிட்டர் என்பது இப்போது வழக்கம். பழையதில் இருந்தபடியே வையுங்கள். இந்த இரண்டு பொத்தான் ஏற்பாடு 1980இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. அதுவும் நம்மைப் போல் தண்ணீருக்குத் தவிக்கும் நாடு. நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து அமுக்குகிறார்கள். எது சின்னது என்று ஒரு தடவை காட்டிக் கொடுங்கள்.

கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் மாட்டுங்கள். வால்வு உட்காரும்போது கிளிப் சத்தம் கேட்க வேண்டும். ஆங்கிள் வால்வைத் திறந்து, தொட்டி நிரம்பிய பிறகு மறுபடியும் கலர் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். அதுவரை பிளேட்டை மாட்டாதீர்கள்.

குச்சியைப் பற்றிச் சொல்கிறோம் என்றோமே. எல்லாம் சரியாகச் செய்து, கலரும் இறங்காமல் இருந்து, பிளேட்டை மாட்டியதும் மறுபடி ஒழுகும். எங்களுக்கு நடந்தது, தலையில் கை வைத்துவிட்டோம். காரணம், அந்தப் பிளாஸ்டிக் குச்சி ஒரு நூல் நீளமாக இருந்து, பொத்தானை யாரும் தொடாமலே வால்வை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. குச்சியை இரண்டு சுற்று உள்ளே திருகினோம், நின்றுவிட்டது. சில வீடுகளில் வளையமே கெட்டிருக்காது, இது மட்டும்தான் கோளாறாக இருக்கும். ஒரு ரூபாய் செலவில்லை.

பிளம்பர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தொட்டிக்குக் கீழே சுவர் ஊறினால், கீழ்வீட்டுக் கூரையில் ஈரப்படலம் தெரிந்தால், ஆங்கிள் வால்வின் கழுத்தில் சொட்டினால், அது உங்கள் வேலையல்ல. தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டாலும், "பிளேட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா, மட்டம் இறங்குகிறதா" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கேட்கத் தெரிந்த வீட்டில் சுத்தியல் அவ்வளவு சீக்கிரம் எழும்பாது.

புது வீடு கட்டுகிறவர்களுக்கும், சபுரிலிருந்து வாட்ஸ்அப்பில் டைல்ஸ் தேர்ந்தெடுக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிளேட்டின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், இதன் ரப்பர் நம் பக்கத்து டவுனில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அங்கே வாங்கி லக்கேஜில் அனுப்பும் தொட்டிக்கு இங்கே உதிரி தேடி அலைவது உம்மாதான், நீங்கள் அல்ல. வாங்கும்போதே இரண்டு வளையம் கூடுதலாக வாங்கி, பெயரெழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். டைல்ஸ் ஒட்டும் கொத்தனார் அந்தச் சன்னலின் ஓரத்தைச் சிமெண்டால் பூசிக் குறுக்கிவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். டைல்ஸிலும் நாலைந்து எடுத்து வையுங்கள். எங்கள் மேல்மாடிக் குளியலறையில் இப்போதும் ஒரு சுவர் நீலம், நடுவில் ஒரு கட்டம் வெள்ளை. போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்கிறார்கள்.

வாடகைக்கு வீடு விட்டிருக்கும் நம் ஜமாஅத்தார்களிடம் தனியாக ஒன்று. குடியிருப்பவர் "சத்தம் கேட்குது" என்று வந்து சொன்னால் செலவு யாருடையது என்ற பேச்சை அன்று எடுக்காதீர்கள். முதலில் போய்ப் பாருங்கள். நமது ஆறு வீடுகளிலும் இனி இந்த வேலைக்குக் குடியிருப்பவரிடம் ஒரு பைசாவும் வாங்குவதில்லை என்று கமிட்டியில் தீர்மானம் போட்டுவிட்டோம்.

இந்தத் தொட்டியை ஒரு சட்டத்தில் நிறுத்தி, பிளேட்டும் பொத்தானும் மாட்டி, அலுவலக முற்றத்திலேயே வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு மஃரிப் வரை யாரும் வந்து கழற்றி மாட்டிப் பழகலாம். தண்ணீர் ஊற்ற வாளி பக்கத்திலேயே இருக்கும். உடைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அது ஏற்கெனவே ஒரு தடவை சுவரை உடைத்து வந்ததுதான். பெண்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணி முதல் மருந்தகத்தின் மாடியில் தனி ஏற்பாடு. சொல்லிக்கொடுப்பது மேல்மாடி லாத்தாதான். அந்தத் தம்பி ஊரில் இருந்த இரண்டு வாரத்தில், கீழ்வீட்டு வேலையை வாசலில் நின்று பார்த்துப் பழகிக்கொண்டார். இதுவரை ஐந்து வீடுகளில் அவர் கையாலேயே வளையம் மாற்றியிருக்கிறார். மூன்று வீடுகளில் ஆண்கள் சபுரில் இருக்கிறார்கள். கூலியாக என்ன கொடுக்க வேண்டும் என்பதை அவரிடமே பேசிக்கொள்ளுங்கள். ஓசியில் கேட்காதீர்கள்.

வருகிறவர்கள் வீட்டுத் தொட்டியின் பிளேட்டைக் கழற்றி, உள்ளே தெரியும் கம்பெனிப் பெயரைப் போனில் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். எந்தெந்த வளையம் எத்தனை வேண்டும் என்று பட்டியல் எடுத்து, மாதக் கடைசியில் மதுரைக்கு ஆள் போகும்போது மொத்தமாக வாங்கி வரச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.